இசைவின்றி அழைப்பதா?

கேளாமல் வீட்டுக்குள் நுழைபவனை விருந்தினன் என்று எவரும் வரவேற்பதில்லை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று பொழுதெல்லாம் கைப்பேசி வழியே நுழையும் வணிகரை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்? தடுக்கச் சட்டம் இல்லையா? உண்டு, தோழர்களே! உண்டென்பதைத்தான் மக்கள் அறியார்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் வாடிக்கையாளரின் விருப்பத்துக்கும் இசைவுக்கும் கட்டுப்பட்டவை. 1909 என்ற எண்ணுக்குத் தெரிவித்து அவற்றைத் தடுக்கலாம். 2025 பிப்ரவரித் திருத்தம், முறையீட்டுக்கு இருந்த 3 நாள் கெடுவை 7 நாளாக்கிற்று. பதிவு பெறாது விற்பவர்மீது நடவடிக்கை எடுக்க இருந்த 30 நாள் அவகாசம் 5 நாளாகக் குறைந்தது. அத்தகையோர்மீது முறையிட, முன்னரே விருப்பத்தைப் பதிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

விதி நன்று. அது கல்வராயன் மலை ஏறிற்றா என்பதே கேள்வி. கள்ளக்குறிச்சி மாவட்டத்து இம்மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்தே அம்மலைவாழ் மக்கள் மீண்டனர். அவர்தம் இசைவை எந்த ஜாகிர்தார் கேட்டார்? இன்று வெள்ளிமலையில் ஒரு தாயின் கைப்பேசிக்கு ஆங்கிலச் செய்தி ஒன்று வருவதாகக் கொள்வோம். புரியாத வரியின்மேல் விரல் படுகிறது; இசைவு தந்துவிட்டார் என்று கணக்கில் ஏறுகிறது! புரியாத தாளில் வைத்த கைநாட்டுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

புரியாத இசைவு இசைவன்று. 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் இசைவுக் கோரிக்கையைப் படிக்கும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆனால், அச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தபோது, இசைவு பற்றிய பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அவகாசம் நிறுவனங்களுக்கு, தொல்லை மக்களுக்கா? விரும்பினால் தமிழில் படிக்கலாம் என்பதும் போதாது. தமிழ்நாட்டில் முதற்சொல்லே தமிழாக இருக்கட்டும்.

வணிகர் வாழ வேண்டாமா என்பார் சிலர். வாழட்டும், கேட்டு விற்கட்டும். வாக்குக் கேட்டு ஒலிக்கும் பதிவுக்குரலுக்கும் இந்த அறம் பொருந்தும். கட்சிகள் விலக்குக் கோரலாகாது.

கிளைதோறும் தோழர்கள் செய்யவேண்டிய பணி எளியது. 1909-ஐ ஊரறியச் செய்யுங்கள். தொல்லை தந்த எண்ணையும் நாளையும் குறித்து, ஏழு நாளுக்குள் முறையிடத் துணைநில்லுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை மலைமகளுக்கும் உண்டு. அதை அவர் அறியச் செய்வது நம் கடமை.