ஒழுகும் படகும் வரப்போகும் வெள்ளமும்

களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடிப்பது புதிய செய்தியன்று. 2003இலும் 2017இலும் பெருவெள்ளம் மே மாதத்திலேயே வந்தது. மேட்டிலுள்ள லயன்களுக்கு இதனால் பாதிப்பில்லை என்று எண்ணுவோர் உண்டு. லயனுக்குள் ஆற்றுநீர் புகாதிருக்கலாம். ஆனால் வைத்தியசாலைக்கு இறங்கிவரும் பாதை நீருக்குள் போய்விடும். பிரசவ வேதனையிலிருக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு அப்போது படகுதான் பாதை.

கடற்படையினர் வந்துசேரும்வரை ஊரில் இருக்கும் படகே துணை. அத்தகைய பழைய அலுமினியப் படகொன்று, அப்பகுதிப் பொதுக் கட்டிடமொன்றின் பின்புறம் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டேன். "ஓட்டைப் படகு, ஐயா. பாவிக்க ஏலாது" என்றார் காவலாளி.

பாவிக்கலாம் என்பதே என் வாதம். அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடித்து உதிர்வதில்லை. இவ்வகைப் படகுகள் பெரும்பாலும் ஒழுகுவது, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டுகள் தளர்வதால்தான். படகை மரக்கட்டைகள்மீது உயர்த்தி, உள்ளே சிறிதளவு நீர் ஊற்றினால், சொட்டும் இடங்கள் வெளியே தெரியும். அவற்றை அடையாளமிட வேண்டும். தளர்ந்த ரிவெட்டின் தலையில் ஒருவர் கனத்த இரும்பை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுமுனையைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அது இறுகும். தேய்ந்துபோனதைத் துளையிட்டு அகற்றி, நீரைத் தாங்கும் பசை தடவி, புதிய அலுமினிய ரிவெட்டை அடிக்க வேண்டும். அந்தத் துளையில் செம்பு ஆணியோ சாதாரண இரும்பு ஆணியோ கூடாது. ஈரத்தில் வேற்று உலோகம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். நடுவே துளையுள்ள சாதாரண பொப் ரிவெட்டும் உதவாது; நீர் அதன் வழியாகவே கசியும். மேலே தாரைப் பூசுவது ஓட்டையை மறைக்குமேயன்றி அடைக்காது.

இதற்குக் கொழும்பிலிருந்து நிபுணர் வரவேண்டியதில்லை. தேயிலை, இறப்பர்த் தொழிற்சாலைகளில் இயந்திரம் திருத்தும் பிட்டர்மார் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் படகுகளை அவர்களிடம் ஒப்படைத்து, உரிய கூலியும் கொடுக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு மாவட்டந்தோறும் அலகுகள் உள்ளன. கைவசமுள்ள படகுகளைக் கணக்கெடுத்து, ஆண்டுதோறும் நீரில் மிதக்கவிட்டுச் சோதிப்பது அவற்றுக்குப் பெரிய காரியமா?

வெள்ளம் வடிந்தபின் உலருணவுப் பொதி வழங்க நாம் நன்கு பழகிவிட்டோம். வெளிநாட்டிலிருந்து நிவாரணத்துக்கு அள்ளிக்கொடுக்கும் அன்பர்களே, அதில் ஒரு சிறு பங்கை வெள்ளத்துக்கு முன்னரே கொடுங்கள். மே மாத மழையில் நின்றுகொண்டு எவராலும் ரிவெட் அடிக்க இயலாது.