ரோடு வந்தால் மட்டும் போதுமா?



'நம்ம ஊருக்கு நல்ல ரோடு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். ரோடு அவசியம்தான். ஆனால், ரோடு வந்த பிறகு என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? ஜப்பானில் உள்ள ஷிரகவா-கோ என்ற கிராமம் நமக்கு அதைச் சொல்லித் தருகிறது.

சுற்றிலும் மலைகள். குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும். பனி தங்காமல் சரிந்து விழுவதற்காக, அங்கே புல் கூரைகளை மிகவும் சரிவாகக் கட்டுவார்கள். பார்ப்பதற்கு நாம் வணக்கம் சொல்லக் கைகூப்புவது போல இருக்கும். அந்த வீடுகளுக்கு ஜப்பானியர் வைத்துள்ள பெயரின் பொருளும் அதுதான்! கூரை மாற்ற வேண்டுமா? அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடி வேலை செய்வார்கள்.

காலப்போக்கில் பலர் வீடுகளை விட்டு வெளியேற, பழைய வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. 1971ல் ஊர் மக்கள் கூடி, 'விற்க மாட்டோம். வாடகைக்கு விட மாட்டோம். இடிக்க மாட்டோம்' என்று உறுதி எடுத்தனர். 1995ல் யுனெஸ்கோ, உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் அந்த ஊரைச் சேர்த்தது.

அங்கே ரயில் நிலையம் இல்லை. 2008ல் அதிவேக நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. சில நூறு பேர் வாழும் இடத்துக்கு, ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வரும் நிலை ஏற்பட்டது. கடைகளில் வியாபாரம் நடந்தது, உண்மைதான். ஆனால், பெரும்பாலோர் சில மணி நேரத்தில் திரும்பிவிடுபவர்கள். குறுகிய தெருக்களில் கார்கள் நெருக்கின. அணைக்காமல் எறியும் ஒரு சிகரெட் துண்டு போதுமே, புல் கூரை பற்றிக்கொள்ள!

ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? ரோட்டை மூடச் சொல்லவில்லை. அவர்களுக்கும் அது வேண்டுமே! ஆற்றுக்கு அக்கரையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, தொங்கு பாலம் வழியே நடந்து வரும்படி செய்தார்கள். 2014 முதல், பகல் நேரத்தில் சுற்றுலா வண்டிகள் ஊருக்குள் வருவதைக் கட்டுப்படுத்தினார்கள். குளிர்கால விளக்கொளி விழாவுக்கு, 2019 முதல் முன்பதிவு கட்டாயம்.

குழந்தைகளே, விடுமுறையில் ஒரு கிராமத்துக்குச் சுற்றுலா போனால், அது யாரோ ஒருவரின் வீட்டு முற்றம் என்பதை மறவாதீர்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். குப்பை போடாதீர்கள். அந்த ஊர்க் கடையில் ஏதாவது வாங்குங்கள்.

ரோடு நம்மை ஊர் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே நல்ல விருந்தாளியாக நடந்துகொள்வது நம் கையில்தான் இருக்கிறது. செய்வீர்கள்தானே?