"மாத்திப் பாத்துரலாம் சார்!"

பழைய காருக்கு வரும் வியாதிகளிலேயே மோசமானது எது? விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்தான். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓடியதும் திக்கித் திணறும். சிக்னலில் பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டார். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஷெட்டுக்குக் கொண்டு போனாலோ வண்டி பரம சாது!

அங்கேதான் கூத்து ஆரம்பம். "பிளக் மாத்திப் பாத்துரலாம் சார்." அடுத்த வாரம் காயில். அதற்கடுத்த வாரம் கார்புரேட்டர். கடைசியில் பாதி இன்ஜின் புதுசு, மிஸ்ஸிங் மட்டும் அதே பழசு.

இது ரிப்பேர் இல்லை, சூதாட்டம். காசு ஒருவருடையது, ஆட்டம் இன்னொருவருடையது.

கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற கார். 796 சிசி, மூன்றே சிலிண்டர். ஒன்று படுத்துக்கொண்டால் வண்டி உதறுவது சின்னக் குழந்தைக்கும் தெரியும். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் வேலையெல்லாம் கிடையாது. கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: நின்றுபோன அந்த நிமிடத்தில் வராமல் போனது கரண்டா, பெட்ரோலா?

வண்டியை ஓரங்கட்டி, சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். உபரி பிளக் ஒன்றை பிளக் ஒயரில் மாட்டி, அதன் இரும்பு இன்ஜினைத் தொடும்படி வைத்து (கையில் பிடித்தால் ஷாக் அடிக்கும், பக்கத்தில் பெட்ரோல் கசிவும் இருக்கக் கூடாது) செல்ஃப் அடித்தால் போதும். பொறி வரவில்லையா? காயில், டிஸ்ட்ரிபியூட்டர், ஒயர் பக்கம் போங்கள். சூடேறினால் மட்டும் செத்துப்போகும் காயில்கள் உண்டு. அதை மறுநாள் காலையில் ஆறிய பிறகு சோதித்து "காயில் நல்லாருக்கு" என்பது, ஜுரம் விட்டபின் தெர்மாமீட்டர் வைப்பது போலத்தான்!

பொறி நன்றாக வருகிறதா? அப்படியானால் பெட்ரோல் பக்கம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்றை உறிஞ்சி, பிறகு வண்டி ஓடினால் குற்றவாளி அந்த மூடிதான். துடைத்தால் தீர்ந்தது! ஐடிலில் மட்டும் ஆஃப் ஆனால், ஐடில் ஜெட்டில் அழுக்கு இருக்கலாம், வாக்குவம் டியூப் வெடித்திருக்கலாம்.

2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. அந்தக் காலத்து ரப்பர் டியூப்கள் இதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, வெடித்து, உதிர்ந்த துகள் ஜெட்டை அடைக்கலாம். டியூபைத் தொடாமல் கார்புரேட்டரை மட்டும் மாற்றினால் புது கார்புரேட்டரும் அடைத்துக்கொள்ளும்.

சரி, மெக்கானிக் மட்டும்தான் குற்றவாளியா? இல்லவே இல்லை. இரண்டு மணி நேரம் வண்டியை ஓட்டி, கோளாறைக் கண்டுபிடித்து, மூடியைத் துடைத்துவிட்டு அவர் ஐந்நூறு ரூபாய் கேட்டால் நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள்? "சும்மா துடைச்சதுக்கா ஐந்நூறு?" அதே ஆள் தேவையே இல்லாத பார்ட்ஸைப் போட்டு இரண்டாயிரம் பில் கொடுத்தால் வாய் திறக்காமல் எண்ணிக் கொடுக்கிறார்கள். மூளைக்குக் கூலி இல்லை, டப்பாவுக்குத்தான் கூலி என்றால், மனிதர் டப்பாவைத்தானே விற்பார்?

ஆகவே காரின் சொந்தக்காரர் முதலில் திருந்தட்டும். எப்போது நின்றது, சூடாகவா, மழையிலா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போகட்டும். கண்டுபிடிக்கும் உழைப்புக்குத் தனியாகக் காசு கொடுக்கட்டும். அதன்பிறகு தைரியமாகச் சொல்லலாம்: "ஏன்னு முதல்ல சொல்லுங்கண்ணே, அப்புறம் மாத்துங்க!"