அண்டா பெரிசானால் அடிப்பிடிக்காதா?

‘சர்வர் டவுன்’ என்பதைப் போலக் கேள்வி கேட்காமல் நாம் ஏற்றுக்கொள்ளும் சாக்கு வேறில்லை. ரேஷன் கடையில் சொன்னாலும், தேர்வு முடிவு நாளில் சொன்னாலும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருகிறோம். மழை மாதிரி அதுவும் தானாக வருவது என்று நினைப்பு. தானாக வருவதில்லை. பெரும்பாலும் யாரோ பார்க்காமல் விட்டதால் வருகிறது.

ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு சின்னச் சின்ன வலைத்தளங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடை அண்ணாச்சி போன் போட்டார். “தம்பி, ஆர்டர் போடுற பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு. இடம் வாடகைக்கு விட்டவன்ட்ட கேட்டா, கூட்டம் அதிகம், பெரிய பிளானுக்கு மாறுங்கன்னான். மாறி மூணு நாளாச்சு. அப்பவும் சுத்துது.”

உள்ளே போய்ப் பார்த்தேன். லோடு ஆவரேஜ் எகிறியிருந்தது. ஆனால் சிபியு கிட்டத்தட்டச் சும்மா இருந்தது. லினக்ஸில் அந்த எண் சிபியுவுக்காகக் காத்திருக்கும் வேலைகளோடு, டிஸ்க்குக்காகக் காத்திருப்பவற்றையும் சேர்த்துத்தான் எண்ணும். அப்படியானால் சிக்கல் டேட்டாபேஸில். மைஎஸ்க்யூஎல்லில் மெதுவான கேள்விகளைக் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. வழக்கமாக அது அணைந்தே கிடக்கும். போட்டாலும் 10 நொடிக்கு மேல் இழுத்ததை மட்டுமே எழுதும். அதைப் போட்டு, வரம்பை 1 நொடியாகக் குறைத்தேன். குற்றவாளி சிக்கிவிட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், வந்துபோனவர்களின் பட்டியலில் பல லட்சம் வரிகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டும் ஒரே ஒரு கேள்வி. பட்டியலுக்கு இண்டெக்ஸ் கிடையாது. ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். பக்கம் பட்டென்று திறந்தது. அண்ணாச்சி பழைய பிளானுக்கே திரும்பினார். போன ஆர்டர்கள்தான் திரும்பவில்லை.

பால்கோவா கிண்டுகிற ஊருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணையும் கையையும் எடுத்தால் அடிப்பிடிக்கும். அண்டாவைப் பெரிசாக்கினால்? பெரிசாக அடிப்பிடிக்கும், அவ்வளவுதான்.

“சின்னக் கடைக்கு ஆள் போட்டுப் பார்க்கக் கட்டுப்படியாகுமா?” என்பார்கள். காசு இருந்தவர்கள் என்ன கிழித்தார்கள்? 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு திறந்த மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் முதல் நாள் பதிவு செய்ய முடிந்தவர்கள் 6 பேர். மீட்கப் போன பொறியாளர்கள், தளம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஒரு திரைகூட அங்கே இல்லாததைக் கண்டு அதிர்ந்தார்கள். கோடிகள் இருந்தன, பார்க்கும் கண்தான் இல்லை.

அளந்தால் மட்டும் போதாது, எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதைத் தாண்டியவர்களுக்குக் கோவின் பதிவு திறந்தது. பலருக்குப் பிழைச்செய்திதான் வந்தது. சர்வர் விழவில்லை என்றது அரசு. முதல் 3 மணி நேரத்தில் 38.3 கோடி அழைப்புகள் வந்ததாகவும் 80 லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்ததாகவும் கணக்குச் சொன்னது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஓடிபி வராமல் அம்மாவின் போனை வெறித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த 38.3 கோடி எதற்கு? எத்தனை பேர் கதவைத் தட்டினார்கள் என்பது கூட்டத்தின் அளவு. எத்தனை பேருக்குக் கதவு திறக்கவில்லை என்பதுதான் நம் வேலையின் அளவு.

திடீர்க் கூட்டத்தை யார் கணிக்க முடியும் என்பது அடுத்த வாதம். தீபாவளி காலண்டரில் இருக்கிறது சாமி! தேர்வு முடிவுக்கும் தேதி சொல்லித்தான் வெளியிடுகிறார்கள்.

இலக்கியக்காரர்களான நாமும் யோக்கியமில்லை. ‘வாசகர் வெள்ளத்தில் தளம் முடங்கியது’ என்று பெருமையாகப் போடுகிறோம். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? வந்தவரை வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

அடுத்த முறை யாராவது ‘சர்வர் டவுன்’ என்றால் தலையாட்டாதீர்கள். “எப்போதிலிருந்து? எது நின்றது? யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?” என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராது. அங்கேதான் கோளாறு.