பேராசிரியரை விடுங்கள்

"புனே பக்கத்துப் பிம்ப்ரியில் இத்தனை ஆலைகள் இருக்க, பொருளாதாரப் பேராசிரியர்கள் இன்னும் வறுமை, கிராமம் என்றே ஆராய்வதா?" என்கிறார் நண்பர். ஆலை வாசலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வாங்கும் சம்பளம் வயிற்றுக்குப் போதுமா என்று கேட்டிருக்கிறாரா? புனே கோகலே நிறுவனத்தின் தாண்டேகரும் ரத்தும் 1971-இல் நாடு முழுமைக்கும் அதைத்தான் கேட்டார்கள். நாளுக்கு 2,250 கலோரி உணவு வாங்க எத்தனை பேருக்கு வழியில்லை என்று கணக்கிட்டார்கள். வறுமைக்கோட்டு விவாதம் சூடுபிடித்தது. அதற்கு வெகுமுன்பே, 1916-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி விசாரிக்க வைத்தார். இருவேல்பட்டு என்ற கிராமம் அப்படித்தான் ஏடேறியது. 1930-களில் ஆய்வாளர்கள் அங்கே மறுபடியும் போனார்கள். ஆலை முதலாளியின் சந்தேகங்களைத் தீர்க்க ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன, கட்டணம் வாங்கிக்கொண்டு. அவர்களிடம் போங்கள், பேராசிரியரை விடுங்கள்.