பழைய காருக்குக் கெட்டி ஆயில் என்னும் புருடா

புனேயில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் நம்மாட்கள் எல்லோருக்கும், முதல் ஆயில் சேஞ்சின்போது ஓர் உபதேசம் இலவசமாகக் கிடைக்கும். "காடி புரானி ஹை சாப், மோட்டா தேல் டால் தேதா ஹூம்." வண்டி பழசு சார், கெட்டி ஆயில் ஊத்திடறேன். நாமும் 'டீக் ஹை, டீக் ஹை' என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ஆபீஸில் க்ளையண்ட்டோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்கூட இங்கே வாயைத் திறப்பதில்லை. நம்ம ஹிந்தியின் லட்சணம் அப்படி. சந்தேகம் வந்து ஊரிலிருக்கும் மாமாவுக்குப் போன் போட்டால் அவர் அதுக்கும் மேலே. "பழைய வண்டின்னா 20டபிள்யூ-50 தாம்ப்பா. நான் அம்பாசடருக்கு அதானே ஊத்தினேன்."

அம்பாசடருக்கு ஊற்றியது சரி மாமா. ஆனால் மாப்பிள்ளை வாங்கியிருப்பது ஸ்விஃப்ட். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

கெட்டி ஆயில் என்பது பழைய எஞ்சினுக்கு மருந்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மேக்கப். ரிங் தேய்ந்து நீலப் புகை விடும் வண்டிக்குக் கெட்டி ஆயிலை ஊற்றினால் கொஞ்ச நாளைக்குப் புகை குறையும், கடகட சத்தமும் அடங்கும். தேய்ந்த ரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும், கரி பிடித்து ஒட்டிக்கொண்ட ரிங்கும் விடுபடாது. வண்டியை விற்கிறவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். நீங்கள் வாங்கிய காரில் ஏற்கெனவே இந்த மேக்கப் போட்டிருக்க நிறைய வாய்ப்புண்டு. அதன் மேல் நாமே காசு கொடுத்து இன்னொரு கோட்டிங் அடிப்பானேன்?

டப்பாவில் இருக்கும் எண் என்னதான் சொல்கிறது? 5டபிள்யூ-30 என்றால், டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான தரம். பின்னால் இருப்பது எஞ்சின் சூடான பிறகு, 100 டிகிரியில், எவ்வளவு கெட்டி என்பது. எஸ்.ஏ.இ. கணக்குப்படி 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. அதாவது 30 கேட்கும் எஞ்சினுக்கு 50 ஊற்றினால், கெட்டித்தனம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. சாம்பார் கேட்டவனுக்குக் கூட்டு ஊற்றிய கதை.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியாத்தானே இருக்கணும்?" என்பது அடுத்த கேள்வி. எஞ்சினுக்குள் ஆயிலின் சூடு வெளி வெயிலைவிட எவ்வளவோ அதிகம், அதைக் கணக்கில் வைத்துத்தான் எண்ணையே முடிவு செய்கிறார்கள். காலையில் சாவி போடும்போது, புனேயானாலும் மதுரையானாலும், ஆயில் சூடான நிலையைவிடப் பத்து மடங்காவது கெட்டியாகத்தான் இருக்கும். எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு இந்த ஸ்டார்ட்டிங் நேரத்தில்தான். அந்த நேரத்தில் ஆயில் மேலே போய்ச் சேர வேண்டும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் பம்ப்பில் அழுத்தம் ஏறி, ரிலீஃப் வால்வ் திறந்து, ஆயிலில் ஒரு பகுதி மேலே போகாமல் திரும்பி வந்துவிடும். அழுத்தம் அதிகம், ஓட்டம் குறைவு. முனிசிபாலிட்டி தண்ணி மாதிரி.

மாமாவின் அம்பாசடரில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அந்த எஞ்சினில் இடைவெளிகள் தாராளம். இன்றைய எஞ்சினில் ஆயிலின் வேலை உராய்வைக் குறைப்பது மட்டுமில்லை. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. வால்வ் நேரத்தை மாற்றும் வி.வி.டி.யும் அப்படியே. டர்போ இருந்தால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். மாருதியின் புதிய பெட்ரோல் எஞ்சின்களில் சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 வரை மெலிந்துவிட்டது. அதில் போய் 20டபிள்யூ-50 ஊற்றினால் விளங்குமா?

இன்னொரு உதாரணம், நம்ம மறைமலை நகரில் செய்த வண்டி. 2013ல் வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சின். அதில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். அதற்கென்று 5டபிள்யூ-20யில், ஃபோர்டின் 948-பி என்று முடியும் தர எண் உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். கண்டதை ஊற்றினால் பெல்ட்டின் ரப்பர் கெட்டு, உதிர்ந்து, அடியில் இருக்கும் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். அப்புறம் பம்ப் எதை உறிஞ்சும்? ஃபோர்டு 2021ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததால் இந்த வண்டிகள் விலை மலிவு. 'சல்லிசா கிடைச்சுது' என்று வாங்கியவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும்.

டீசல்காரர்களுக்குத் தனிப் பாடம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் பெரும்பாலும் டி.பி.எஃப். என்ற புகைவடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரி அவ்வப்போது எரிந்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கும். அதனால்தான் இவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில். ஏ.சி.இ.ஏ. சி3 வகையில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பழைய ஏ3/பி4 வகையில் 1.6 வரை போகலாம். இந்த பி.எஸ்.6 வண்டிகள்தான் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரிசையாக வருகின்றன. லாரிக்கு ஊற்றும் பழைய 15டபிள்யூ-40யை இதற்கும் ஊற்றுகிற கராஜ்கள் இருக்கின்றன. ஆயிலில் மிச்சம் பிடித்த காசு, ஃபில்டர் மாற்றும் பில்லில் பல மடங்காகத் திரும்பி வரும். இன்னொன்று: தினமும் ஹிஞ்சவடி நெரிசலில் மட்டும் ஓடும் டீசல் காரில் கரி எரிப்பது பாதியில் நின்று, டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறும். 'ஆயில் குறையவே இல்லை, சூப்பர் வண்டி' என்று சந்தோஷப்பட வேண்டாம். உடனே மாற்ற வேண்டிய நேரம் அது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் பார்த்துவிடுவோம். "கம்பெனிக்காரன் மைலேஜ் காட்டறதுக்காக மெல்லிசு ஆயில் சொல்றான், எஞ்சின் நல்லதுக்கா சொல்றான்?" பாதி உண்மை. 2017ல் இங்கே எரிபொருள் சிக்கன விதிகள் வந்த பிறகு கம்பெனிகளுக்கு அந்த நெருக்கடி இருக்கிறது. ஆனால் மெல்லிய ஆயில் சொல்லும் எஞ்சினின் பேரிங் இடைவெளி, பம்ப், டென்ஷனர் எல்லாமே அந்த ஆயிலை மனதில் வைத்துச் செய்தவை. சில வண்டிகளின் மேனுவலில் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருப்பார்கள். நிஜமாகவே ஆயில் குடிக்கும் வண்டியென்றால், அந்தப் பட்டியலுக்குள் ஒரு படி மேலே போங்கள், தப்பில்லை. பட்டியலைத் தாண்டிக் குதிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இதற்கு நேரெதிர் கோஷ்டி ஒன்று உண்டு. 'ஃபுல்லி சிந்தெடிக் ஊத்தினா எல்லாம் சரியாயிடும்' கோஷ்டி. சிந்தெடிக் நல்ல ஆயில்தான், ஆனால் தரமும் கிரேடும் பொருந்தாத சிந்தெடிக்கும் தப்பான ஆயில்தான். கூடவே எஞ்சின் ஃப்ளஷ் என்று ஒரு பாட்டிலை நீட்டுவார்கள். எத்தனை வருடம் எந்த ஆயிலில் ஓடியது என்றே தெரியாத வண்டியில் அதை ஊற்றினால், உள்ளே படிந்த கசடு மொத்தமாகப் பெயர்ந்து சல்லடையில் போய் உட்காரலாம். அதைவிட, சரியான ஆயிலை ஊற்றி, 3,000 கி.மீ. ஓட்டி, ஃபில்டரோடு சேர்த்து இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். கசடு மெதுவாக வெளியே வரும்.

சரி, ஆகவேண்டிய காரியத்துக்கு வருவோம்.

முதலில் மேனுவல். பழைய ஓனர் தரவில்லையா? பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன. உங்கள் மாடல், வருடம், எஞ்சின் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, 5டபிள்யூ-30 போன்ற கிரேடு. இரண்டு, தரம். பெட்ரோலுக்கு ஏ.பி.ஐ.யில் எஸ் வரிசை: 2010ல் எஸ்.என்., 2020ல் எஸ்.பி. மேனுவல் எஸ்.என். என்றால் எஸ்.பி.யும் தாராளமாக ஊற்றலாம், பின்னால் வந்தது முந்தையதற்குப் பொருந்தும். டீசலில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டாம், மேனுவல் சொன்னதே சரி. இந்த இரண்டும் பொருந்தினால் எந்த நல்ல பிராண்டும் ஓகே. பிராண்டுக்காகச் சண்டை போடும் நேரத்தில் இன்னொரு டீ குடிக்கலாம் :-)

இரண்டாவது, பேரலிலிருந்து ஊற்றும் ஆயில் வேண்டவே வேண்டாம். ஆல்ட்டோவுக்கும் ஸ்கார்பியோவுக்கும் ஒரே பேரல் என்றால், அது உங்கள் வண்டிக்கான ஆயில் இல்லை, அவர் வசதிக்கான ஆயில். சீல் வைத்த கேன் நீங்களே வாங்கிப் போங்கள், கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். காலி கேனை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். அதில் போலி ஆயில் அடைத்து விற்கிறார்கள்.

மூன்றாவது, மாதம் இரண்டு முறை டிப்ஸ்டிக். சமதளத்தில், எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து. டீசல் ஆயில் சீக்கிரம் கறுப்பது சகஜம், பயப்படாதீர்கள். பால் கலந்த காபி நிறம் வந்தால் பயப்படுங்கள், கூலன்ட் கலந்திருக்கலாம்.

ஹிந்தி, மராத்தி வராதே என்ற கவலை இதற்குத் தேவையில்லை. எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள், மெக்கானிக்குக்குப் புரியும். ஊற்றிய கிரேடை பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கடையை மாற்றுங்கள்.

நம் வண்டிகளுக்கு ஆபீஸ் போய் வருவது பரீட்சை இல்லை. மே மாத லீவில் புனேயிலிருந்து மதுரைக்கு 1,250 கி.மீ.க்கு மேல், பின் சீட்டில் பிள்ளைகளும் வயதான அம்மாவும், ஏ.சி. ஃபுல்லில், ஹூப்ளி தாண்டி சித்ரதுர்கா போகும் வெயிலில் ஓட வேண்டும். அங்கே நின்றுபோனால் கன்னடமும் வராது. புது வண்டி வாங்க வசதியில்லாமல்தானே பழையது வாங்கினோம்? எஞ்சின் போய்விட்டால், வண்டி வாங்கிய விலையில் பாதியைக் கேட்பார்கள். வாங்கின அன்றைக்கே டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறக்காத நாம், மேனுவலில் ஒரே ஒரு பக்கத்தைப் புரட்ட மறந்துவிடுகிறோம். இந்த சனிக்கிழமை அந்தப் பக்கத்தைப் பாருங்க மக்களே. சீட் கவர் அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.