பீப்பாய்க்கு வாஷர் கிடைக்குமா?



போன கோடையில் அமெரிக்காவில் என் பெண் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும், "என்ன பார்த்தீர்கள் மாமி? நயாகராவா, டிஸ்னியா?" என்றுதான் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? நான் அங்கே மிகவும் உன்னிப்பாகப் பார்த்தது ஒரு எவர்சில்வர் பீப்பாயைத்தான். சிரிக்காதீர்கள். கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

என் பெண் இருப்பது மின்னியாபொலிஸ் பக்கத்தில். அடுத்த வீட்டில் எழுபது வயது அம்மாள் ஒருத்தி. கணவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு சின்ன ஃபிளாட்டுக்குப் போகப் போகிறாள். சாமான்களை ஒழிக்க நாங்களும் கை கொடுக்கப் போனோம். கார் ஷெட்டைத் திறந்தால் சுவரோரமாகப் பன்னிரண்டு எவர்சில்வர் பீப்பாய்கள்! நம்மூர்ப் பால் கேனை ஒல்லியாக உயர்த்திவிட்டாற்போல இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டில் தேதியும் பெயரும், கணவர் கையெழுத்தில்.

"ஏண்டி, பால் வியாபாரம் பண்ணினாரா?" என்றேன்.

"இல்லேம்மா. வீட்டிலேயே பீர் காய்ச்சுவாராம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் வீட்டில் இந்த வேலை செய்தால் அது குற்றம், போலீஸ்தான் வரும். அங்கே அப்படியில்லை. 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் செய்துகொள்ளலாம். ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ என்றால் 200 காலன் என்று கணக்கு. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு, கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் சேர்ந்தது 2013-ல். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஹாப்ஸ் என்ற பூவோடு கொதிக்கவைத்து, ஆறின பிறகு ஈஸ்ட் போட்டு இரண்டு வாரம் வைத்துவிடுகிறார்கள். அது நமக்கு வேண்டாத விஷயம். அதிலும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அந்தப் பக்கமே போகக்கூடாது. நான் சொல்ல வந்தது பாத்திரத்தைப் பற்றி.

ஒரு தடவை காய்ச்சினால் 5 காலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர். அதைப் பாட்டிலில் ஊற்றினால் சின்ன பாட்டில் ஐம்பதுக்கு மேல் வேண்டும். ஐம்பதையும் கழுவி, வெந்நீர் காட்டி, கவிழ்த்து, நிரப்பி, மூடி போட்டு... நமக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்! அதற்குப் பதில் ஒரே பீப்பாய். கழுவுவது ஒன்று, மூடுவது ஒன்று. கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை உள்ளே செலுத்தி ஃபிரிஜ்ஜில் வைத்தால், குழாயைத் திருப்பி வேண்டியதைப் பிடித்துக்கொள்ளலாம். முதுகு ஒடியாது.

சரி, இத்தனை நல்ல பாத்திரத்தை வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்று யார் செய்து கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை! அங்கேதான் வேடிக்கை.

இது சோடாக் கம்பெனிகளின் பாத்திரம். அதே மின்னியாபொலிஸில் 1931-ல் தொடங்கின கார்னீலியஸ் என்ற கம்பெனியின் பெயராலேயே இன்றும் இதை 'கார்னி கெக்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். ஹோட்டல்களுக்குக் கோலா பாகு இதில்தான் போகும். காலியானதும் லாரியில் திரும்பி வரும், கழுவி மறுபடி நிரப்புவார்கள். பெப்சிக்காரர்களுடையது உயரமாக, ஒல்லியாக இருக்கும். அதை 'பால் லாக்' என்பார்கள். கோக்குடையது குட்டையாக, குண்டாக இருக்கும். அது 'பின் லாக்'. வாயு போகிற மூக்கில் இரண்டு முள், பானம் வருகிற மூக்கில் மூன்று முள். ஒன்றின் குழாய் மற்றொன்றில் மாட்டாது. சம்பந்திகள் மாதிரி!

அப்புறம் அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்து அதில் பாகை அடைத்து அனுப்பும் முறை வந்தது. லேசு, திரும்பிக் கொண்டுவர வேண்டாம், கழுவ வேண்டாம். தீர்ந்ததும் தூக்கி எறியலாம். கம்பெனிகளுக்குச் சௌகரியம். பீப்பாய்கள் கும்பல் கும்பலாக வேண்டாத சாமானாயின. அவற்றை வீட்டில் காய்ச்சுகிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள். இருபது, முப்பது டாலருக்கு அருமையான எவர்சில்வர் பாத்திரம் கிடைத்த காலம் அது. அந்த அம்மாளின் கணவர் சோடா லாரி ஓட்டியவர். கம்பெனி கழித்தபோது பன்னிரண்டை வாங்கியிருக்கிறார். விற்ற ரசீதைக்கூட ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். அது முக்கியம், ஏனென்றால் பல பீப்பாய்களில் 'இன்ன கம்பெனியின் சொத்து' என்று முத்திரை இருக்கும்.

"சனிக்கிழமை பழைய இரும்பு லாரி வருகிறது. எடைக்குப் போட்டுவிடப் போகிறேன். எல்லாம் செத்துப்போய்விட்டது, ஒன்றிலும் காற்று நிற்கவில்லை என்று மகன் சொல்கிறான்" என்றாள் அந்த அம்மாள். சொல்லிக்கொண்டே ஒன்றின் மூடிக் கொக்கியைத் தூக்கப் போனாள்.

"ஐயையோ, நிறுத்தச் சொல்லுடி!" என்று கத்திவிட்டேன். உள்ளே காற்று அடைத்திருந்தால்? நீராவி அடங்காமல் யாராவது குக்கரைத் திறப்பார்களா? பால் லாக் மூடிகளில் நடுவில் ஒரு வளையம் உண்டு. அதை இழுத்ததும் 'புஸ்'ஸென்று சீறிற்றே பாருங்கள்! செத்துப்போனதாகச் சொன்ன பீப்பாய் ஒரு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பின் லாக் மூடிகள் பலவற்றில் அந்த வளையமும் கிடையாது. வாயு மூக்கின் நடுவிலுள்ள சின்ன வால்வை அழுத்தித்தான் காற்றை விடவேண்டும்.

மூடியை எடுத்துப் பார்த்தேன். முட்டை வடிவம். சாய்த்து உள்ளே விட்டு மேலே இழுத்துப் பொருத்த வேண்டும். உள்ளேயிருந்து அழுத்தம் ஏற ஏற விளிம்போடு இறுகும். அட, நம்ம உள்மூடிக் குக்கர்! உடனே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கேஸ்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இறுகியிருந்தது. பீப்பாய் சாகவில்லை, சகோதரிகளே. வாஷர்தான் செத்திருந்தது!

ஒரு பீப்பாய்க்கு ரப்பர் வளையம் மொத்தம் ஐந்து. மூடிக்குப் பெரிதாக ஒன்று, இரண்டு மூக்குக்கும் வெளியே ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் இரண்டு குழாய்க்கும் ஒவ்வொன்று. ஐந்தும் சேர்ந்து சில டாலர்தான். மறுநாளே என் பெண் பன்னிரண்டு செட் வாங்கி வந்தாள். ரெண்டு நாள் உட்கார்ந்து மாற்றினோம். பழைய ரப்பரில் ஒருவித மருந்து வாசனை. எப்போதோ இருந்த சோடாப் பாகு ஊறியது. எவர்சில்வரில் வாசனை தங்காது, ரப்பரில் தங்கிவிடும். நம் டிபன் கேரியர் வாஷரில் புளிக்குழம்பு வாசனை போகிறதா என்ன?

அப்புறம் வாயுவைச் செலுத்தி மூடியை இறுக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தடவினோம். கேஸ் சிலிண்டர் மாற்றினதும் நாம் செய்கிற அதே சோதனைதான். குமிழ் வந்தால் கசிவு. கார் ஷெட் கதவுகளை மட்டும் விரியத் திறந்துவைத்துக்கொண்டோம். அந்த வாயு எரியாது என்றாலும், மூடிய அறையில் தேங்கினால் மூச்சை முட்டிவிடும்.

பன்னிரண்டில் பத்து பிழைத்தன. ஒன்றில் உட்புறம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. யாரோ சுத்தம் செய்கிறேன் என்று குளோரின் பிளீச்சை ஊற்றி நாள் கணக்கில் ஊறவைத்திருக்க வேண்டும். எவர்சில்வருக்குத் துரு பிடிக்காது என்று நாம் நினைக்கிறோம். குளோரின் அதையும் அரிக்கும். இன்னொன்று பின் லாக். உடம்பில் ஒரு கீறல் இல்லை, பளபளவென்று இருந்தது. ஆனால் மூக்குக்குள்ளே இருக்கும் ஸ்பிரிங் வைத்த வால்வும் மறைத் திருகும் தேய்ந்துவிட்டன. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி மறை வைத்திருக்கிறது. அதற்கேற்றது நான்கு கடையில் தேடியும் கிடைக்கவில்லை. இன்னும் முப்பது வருஷம் உழைக்கக்கூடிய பாத்திரம், விரல் நுனி அளவுள்ள ஒரு சாமான் இல்லாமல் இரும்புக் கடைக்குப் போயிற்று. எனக்கு மனசே ஆறவில்லை.

பாக்கிப் பத்தை வாங்க, வீட்டில் பீர் செய்யும் சங்கத்து இளைஞர்கள் வந்தார்கள். "இனிமேல் இதெல்லாம் எங்கிருந்து வரும்?" என்று அவர்களிடம் கேட்டேன்.

அவர்கள் சொன்னதையும் நான் விசாரித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சோடாக் கம்பெனி கழித்துப்போட்ட சரக்கு ஒரு தடவை வந்த வெள்ளம். அது வடிந்துகொண்டே வருகிறது, மறுபடி வராது. அதனால் பழசுக்கே விலை ஏறிவிட்டது. புதுசு இல்லாமல் போகவில்லை. இத்தாலியில் செய்கிறார்கள், சீனாவில் செய்கிறார்கள். ஓர் இளைஞர் தன் புதுப் பீப்பாயைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் 'மேட் இன் இந்தியா'! எனக்கு ஒரே பெருமை. ஆனால் புதுசு ஒன்று நூறு டாலர் அளவுக்குப் போகிறது. அது அநியாய விலை இல்லை. செய்கிற விலை அதுதான். இத்தனை நாள் வேறொருவர் கொடுத்துவிட்ட விலையில் இவர்கள் அனுபவித்தார்கள்; இப்போது தாங்களே கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

புதிதாக வருவதில் பெரும்பாலும் பால் லாக்தான். ஜில் காபி விற்கும் கடைகளும் இதே பீப்பாயை உபயோகிப்பதால், இதைச் செய்கிறவர்களுக்கு இன்னும் வியாபாரம் இருக்கிறது. ஆகையால் பால் லாக்குக்கு வாஷரும் வால்வும் இன்னும் பல வருஷம் கிடைக்கும் என்று நம்பலாம். பின் லாக் வைத்திருக்கிறவர்கள்தான் இப்போதே உதிரிச் சாமான் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

"பீர்க் கம்பெனியின் பெரிய பீப்பாயை முன்பணம் கட்டி எடுத்துவந்து வைத்துக்கொண்டால் என்ன?" என்றும் கேட்டுவைத்தேன். கூடாதாம். முன்பணம் பீப்பாயின் விலையைவிட மிகக் குறைவு; பீப்பாய் கம்பெனியின் சொத்து. நம் கேஸ் சிலிண்டர் மாதிரிதான். திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் திருட்டு. அப்படித் திரும்பாமல் போனால் கம்பெனிக்காரர்களும் 'திரும்ப வராத பிளாஸ்டிக்கே தேவலை' என்று போய்விடுவார்கள் அல்லவா?

பத்தில் ஒன்பது போயின. கடைசி ஒன்றை மட்டும் அந்த அம்மாள் தரவில்லை. கணவர் கையெழுத்துச் சீட்டோடு இருந்த பீப்பாய் அது. "ஃபிளாட்டில் பீர் காய்ச்ச இடமில்லை. பேத்திக்குச் சோடா போட்டுக் கொடுப்பேன்" என்றாள். நான் சும்மா இருப்பேனா? இஞ்சியும் எலுமிச்சையும் பிழிந்து, கொஞ்சம் உப்பு, கொஞ்சமே கொஞ்சம் சர்க்கரை கலந்து டம்ளரில் வைத்து, அந்தப் பீப்பாயிலிருந்து வெறும் சோடாவை அதில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். கடைக் கோலாவில் இருக்கிற சர்க்கரையில் கால்வாசிகூட இல்லை. அம்மாள் ஒரு வாய் குடித்தாள், சீட்டைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

ஊருக்குத் திரும்பினதும் நான் செய்த முதல் காரியம், சமையலறையில் ஒரு கணக்கெடுப்பு. குக்கர், மிக்ஸி ஜார், ஃபிளாஸ்க், டிபன் கேரியர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, எதற்கு எந்த வாஷர், என்ன அளவு, எந்தக் கடை என்று ஒரு நோட்டில் எழுதினேன். நீங்களும் எழுதிவையுங்கள். கேஸ்கெட் இறுகிப்போனால் குக்கரை மாற்றாதீர்கள், கேஸ்கெட்டை மாற்றுங்கள். ஆனால் அந்தந்தக் குக்கருக்கென்று செய்ததையே போடுங்கள். ஏதோ ஒன்றைத் திணிக்காதீர்கள். எவர்சில்வரைப் பிளீச்சில் ஊறவைக்காதீர்கள். புதுப் பாத்திரம் வாங்கப் போகும்போது, "விலை என்ன?" என்று கேட்பதற்கு முன்னால், "இதற்கு உதிரிச் சாமான் கிடைக்குமா? பத்து வருஷம் கழித்துக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால், எத்தனை அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

என் நோட்டில் ஒரே ஒரு பாத்திரத்துக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. என் மாமியார் கொடுத்த பழைய ஃபிளாஸ்க். அதன் மூடி வாஷர் எங்கும் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது கடை தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்களேன்!